முதல் குவளை

கம்பளி மேசையில் என் வேலை பார்ப்பதல்ல, கேட்பது.
ஒரு கற்றையை இரு முனையும் பிடித்துக்
காதோரம் வெடுக்கென்று இழுப்பேன்.
நல்ல மயிர் கம்பிபோல் ரீங்கரிக்கும்.
கெட்டது நடுவில் அறும்.
அறுந்த இடத்தை விரலால் அளந்து சொல்வேன்:
இந்த ஆடு மார்ச் மாதம் காய்ச்சலில் கிடந்தது.
வால்டெமார் நம்பமாட்டான்.
பண்ணைக் கணக்கைப் புரட்டுவான்,
பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவான்.

என் இடப் புருவம் அறவில்லை.
சத்தமே இல்லை.
முகம் கழுவிய தண்ணீரில் ஒரு காலை பாதி போயிற்று,
மறுவாரம் மீதி.
அந்த இடத்தில் தோல் சிவந்து, சற்றே பூரித்து,
ஈரமண்ணில் கட்டைவிரல் வைத்தால் அழுந்துமே
அப்படி அழுந்தியது.
பிறகு பிடரியில் ஒன்று, நாணய அளவு.
காதுக்கு மேல் ஒன்று, குவளையின் வாயளவு.

சொறி என்றார்கள்.
ஆட்டிடமிருந்து வந்தது என்றார்கள்.
சுல்மா இரவல் தந்த சீப்பைத் திருப்பிக் கேட்டாள்,
வாங்கியவள் தலையில் வைக்காமல் குப்பையில் போட்டாள்.
மாலையில் மாத்தே சுற்றி வரும்:
ஒரே குவளை, ஒரே உலோகக் குழல்,
பதினோரு வாய்.
என்னருகே வந்ததும் குவளைக்குக் கால் முளைத்தது,
ஓர் ஆளைத் தாண்டி இறங்கியது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாமல் தாண்டவும் ஒரு கைநேர்த்தி வேண்டும்.

தக்குவாரெம்போ மருத்துவமனையில்
டாக்டர் பெர்ரேய்ரா பேனாமுனை அளவுக்குத்
தோலைத் துளைத்து எடுத்தாள்.
ஒரு தையல். பதினேழு நாள்.
பதினெட்டாம் நாள் கண்ணாடித் தகட்டை நுண்நோக்கியில் வைத்து
"நீங்களே பாருங்கள் டெல்மிரா" என்றாள்.

நீலம்.
சாயம் ஏற்றினால் மட்டும் தெரிகிற நீலம்.
மயிர்க்காலைச் சுற்றிக் குட்டை குட்டையாய்
ஊறிய ஆளிவிதையின் வழவழப்பு.
சேற்றில் நட்ட வேலிக்கால் எத்தனை நாள் நிற்கும்?
"இது உங்கள் உடம்பே சுரப்பது.
புழு அல்ல, பூஞ்சை அல்ல, யாருக்கும் தொற்றாது.
ஆடு நிரபராதி."
ஏன் சுரக்கிறது?
"தெரியவில்லை" என்றாள், என் கண்ணிலிருந்து கண் எடுக்காமல்.
எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தச் சொல்லில்தான்.

சிலருக்குத் தானாய் வற்றிவிடுமாம்.
சிலருக்கு வேர் செத்து இடம் வழுக்கையாகவே நிற்குமாம்.
மிகச் சிலருக்கு இது முன்னால் வருகிற ஆள்;
பின்னால் வருவது வெள்ளணுக்களின் புற்று.
"உங்களுக்கு இப்போது அது இல்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்."
பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம்
அந்த 'இப்போது'வை இரு முனையும் பிடித்து
இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
ரீங்கரிக்கவும் இல்லை, அறவும் இல்லை.

மறுநாள் மாலை.
இங்கே ஒரு வழக்கம் உண்டு:
ஊற்றிக் கொடுப்பவர்தான் முதல் குவளையைக் குடிக்க வேண்டும்.
கசப்பெல்லாம் அதில்தான்.
வால்டெமார் கையிலிருந்து கெண்டியை வாங்கினேன்,
கேட்கவில்லை, வாங்கினேன்.
குழல் கரகரக்கும் வரை உறிஞ்சினேன்.
மீண்டும் வெந்நீர் ஊற்றி நீட்டினேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு:
நன்றி என்றால் போதும் என்று பொருள்.
இன்னும் வேண்டும் என்பவர் நன்றி சொல்லக் கூடாது.

சுல்மா "நன்றி" என்றாள், ஒரு வாய்கூடக் குடிக்காமல்.
லிபோரியோவும் நன்றியோடு பூட்ஸைத் துடைக்கத் தொடங்கினான்.
அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை
என்று எழுதினால் அது பொய்.

அடுத்தவன் போன வாரம் சேர்ந்த கத்தரிப்பவன்.
பெயர் இன்னும் என் வாயில் நிற்கவில்லை.
வாங்கினான்.
புருவமற்ற என் இடக்கண்ணை நேராகப் பார்த்தபடியே உறிஞ்சினான்,
முகம் சுளித்தான்.
"தண்ணி ஆறிப்போச்சு அக்கா."

கெண்டியை மறுபடி அடுப்பில் வைத்தேன்.
இன்னும் ஏழு வாய் இருக்கிறது.